காவடிக்கு முன் பைத்தான் 3

18 ஜனவரி 2025, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

கோயில் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டர் நேற்று ஒரேயடியாக நின்றுவிட்டது. காவடி எடுப்பவர்களின் பதிவு, ரசீது, பால்செம்பில் ஒட்டும் பெயர்ச்சீட்டு எல்லாம் அதிலிருந்த நிரல்தான், பைத்தான் என்ற கணினி மொழியின் 2.7 பதிப்பில் எழுதியது. "ஓடிக்கொண்டிருந்ததுதானே தம்பி, புதுப் பெட்டியிலும் அதையே போட்டுவிடேன்" என்றார் பொருளாளர் ஐயா. 2.7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. ஜனங்களின் பெயரும் பணமும் இருக்கிற நிரலை அப்படி விட எனக்கு மனமில்லை. காவடி பிப்ரவரி 11. அதற்குள் பைத்தான் 3-க்கு மாற்றியாக வேண்டும்.

19 ஜனவரி

பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி போடுவது போன்ற வேலைகளை, 2-இல் எழுதியதை 3-க்கு மாற்றும் டூ-டு-த்ரீ என்ற கருவி முடித்துக்கொடுத்தது. 3.13-இல் அதை எடுத்துவிட்டார்கள், அதனால் இதற்கென்றே 3.12 போட்டேன்.

வகுத்தல்தான் உட்கார வைத்தது. பூ அலங்காரச் செலவு 25,000 ரூபாய், குடும்பங்கள் 214. பழைய நிரல் தலைக்கு 116 என்றது, புதியது 116.82 என்கிறது. 2-இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் போய்விடும். மொத்தத்தில் 176 ரூபாய் துண்டு விழுகிறது. ஐயாவிடம் சொன்னதும், "அதுதானா! வருஷா வருஷம் இடிக்கும், நான் கையிலிருந்து போட்டுவிடுவேன்" என்றார். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை மனிதர்.

25 ஜனவரி

இன்று பெயர்கள். 'வள்ளியம்மை' என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. பைத்தான் 2 அதை 30 என்று எண்ணியது, பைட் கணக்கு, அதாவது கம்ப்யூட்டர் சேமிக்கும் சிறு அலகுகளின் எண்ணிக்கை. 3 சொல்வது 10: புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ஆறு வரவில்லைதான், ஆனால் சீட்டில் இடம் போதாதென்று யாரோ 25-இல் வெட்டி வைத்திருந்தது பைட்டை. அதனால்தான் 'வள்ளியம்' என்று நின்று, பக்கத்தில் ஒரு கட்டம் விழுந்துகொண்டிருந்தது. அதே வரி இப்போது எழுத்துகளை எண்ணுகிறது, பெயர் முழுசாக வருகிறது. கோப்பைத் திறக்கும் இடத்தில் மட்டும் யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) என்று எழுதிக் கொடுத்தேன். பழையவற்றோடு ஒத்துப்போகாமல் 2008-இல் 3 வந்தபோது பலருக்குக் கோபம். எனக்கு, இந்த ஒன்றுக்காகவே அது சரி.

11 பிப்ரவரி

விடியற்காலை 214 சீட்டும் அச்சாகிவிட்டன. வள்ளியம்மைப் பாட்டி செம்பைத் திருப்பி, கடைசி எழுத்தின் மேல் விரலை வைத்து, "மை வந்திருக்கே" என்றார்.