கிண்ணத்தில் மிஞ்சும் தண்ணீர்

2024 ஜூலை 2, செவ்வாய், பிர்னோ, செக் குடியரசு

இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக நான் ஒரு சாப்பாட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்துகொண்டிருக்கிறேன் என்பது இன்று மதியம்தான் தெரிந்தது.

அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. மதியம் ஒரு சூப், ஒரு தட்டு, ஓரமாக ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். கோடையில் அந்தக் கிண்ணத்தில் அநேகமாக ஒக்குர்கோவி சலாட், அதாவது வெள்ளரிக்காய் சாலட். தாள் மாதிரி சீவிய வெள்ளரி, இனிப்பும் புளிப்புமான குளிர்ந்த தண்ணீரில் மிதக்கும். நான் வெள்ளரியை முள்கரண்டியால் பொறுக்கித் தின்றுவிட்டு, தண்ணீரை யாரோ வடிகட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அப்படியே வைத்துவிடுவேன்.

இன்று எதிரே உட்கார்ந்திருந்த சக ஊழியர் தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி மடமடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என் கிண்ணத்தைப் பார்த்தார். "அதைக் குடிக்கப் போவதில்லையா?" என்று கேட்ட குரலில் ஆசை தெரிந்தது. பாயசத்தில் சேமியாவை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் பாலை மிச்சம் வைக்கிறவரைப் பந்தியில் பார்த்தால் நாம் எப்படிப் பார்ப்போம், அந்தப் பார்வை. கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டேன்.

நாளை வீட்டில் செய்து பார்க்க வேண்டும்.

ஜூலை 3, புதன்

செய்தேன். இருமினேன்.

என்ன நடந்தது என்றால், இணையத்தில் தேடி ஒரு குறிப்பைப் பிடித்தேன். வெள்ளரியைச் சீவி உப்பு போட்டு அரை மணி நேரம் வைத்து, விட்ட தண்ணீரைக் கையால் நன்றாகப் பிழிந்து கொட்டிவிடச் சொன்னது. பிழிந்தேன். ஒரு முழு வெள்ளரி ஒரு கைப்பிடி நாராக ஆனது. அதன் மேல் வினிகரை அப்படியே ஊற்றினேன், சர்க்கரை தூவினேன். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர்.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் 8 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இங்கே கடைகளில் கிடைக்கும் சாதாரண வெள்ளை வினிகர் இந்த அளவுதான், நம் ஊரில் சில்லி சிக்கனுக்கு ஊற்றும் 4 சதவீதச் சரக்கு இல்லை. அதைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றியது என் தப்பு. அந்தப் பிழியும் முறையும் ஹங்கேரிக்காரர்களுடையதாம், பிறகுதான் படித்தேன். அவர்கள் பிழிந்துவிட்டுப் புதிதாக ஒரு வினிகர்த் தண்ணீர் ஊற்றி, மேலே சிவப்பு மிளகாய்த் தூள் தூவுவார்கள். நான் பிழிந்ததோடு நின்றுவிட்டேன். பாதிக் குறிப்பைப் படித்துச் சமைக்கிற பழக்கம் எப்போது போகுமோ.

ஜூலை 5, வெள்ளி

விடுமுறை. சிரில், மெத்தோடியஸ் என்ற இரண்டு பாதிரிகள் 863இல் மொராவியாவுக்கு, அதாவது இந்தப் பகுதிக்கு, வந்ததை நினைத்து இங்கே எல்லோருக்கும் லீவு. நாளைக்கும் ஒரு லீவு நாள், ஆனால் சனிக்கிழமையில் விழுந்து வீணாகிவிட்டது. அலுவலகமே புலம்பித் தீர்த்தது.

மாடிப்படியில் மேல் வீட்டு அம்மாளைப் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தினமும் மூன்று மாடி ஏறி இறங்குகிறார். என் ஓட்டைச் செக் மொழியில் வெள்ளரிக்காய்க் கதையைச் சொன்னேன். "பிழிந்தீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். ஏதோ துக்கச் செய்தி கேட்ட மாதிரி.

படியிலேயே பாடம் நடந்தது. ஹதோவ்கா வாங்க வேண்டும். நீளமான சாலட் வெள்ளரிக்கு அப்படி ஒரு செல்லப்பெயர், ஹத் என்றால் பாம்பு. தோல் சீவ வேண்டும், பூ இருந்த நுனியில் தொடங்கிக் காம்பு நோக்கி, ஒருபோதும் எதிர்ப்பக்கமாக அல்ல, இல்லாவிட்டால் காம்பின் கசப்பு காய் முழுக்க ஏறிவிடும். கத்தி கூடவே கூடாது, துருவியின் பக்கவாட்டில் ஒரு நீளப் பிளவு இருக்குமே, வாழைக்காய் சிப்ஸ் சீவுகிற மாதிரி, அதில்தான் சீவ வேண்டும், விரல் நகம் தெரிகிற மெல்லிசாக. உப்பு. பத்து நிமிடம். வெள்ளரி விட்ட தண்ணீரோடு சேர்த்தே வினிகர், சர்க்கரை, தண்ணீர்.

எவ்வளவு என்று கேட்டேன். "அகொராட்" என்றார். சரியாக, அளவாக என்று அர்த்தம். எவ்வளவு அளவாக? "போட்லெ ஹுதி." ருசிக்குத் தகுந்தபடி. என் அம்மாவிடம் ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று தொலைபேசியில் கேட்டால் "ஒரு அளவா போடு" என்பாள். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கமும் அதே பதில்தான்.

காம்புக் கசப்புக்கு அம்மாவிடம் வேறு வைத்தியம் உண்டு: நுனியை வெட்டி, வெட்டிய துண்டாலேயே வட்டமாகத் தேய்த்தால் வெள்ளையாக நுரை வரும், அதோடு கசப்பு போய்விடும் என்பாள். எது வேலை செய்கிறதோ இல்லையோ, கசப்பு காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை.

ஜூலை 6, சனி

இன்று யான் ஹுஸ் என்ற மதச் சீர்திருத்தக்காரரின் நாள். 1415இல் இதே தேதியில் அவரை உயிரோடு எரித்தார்கள். அந்த நாளில் உட்கார்ந்து வெள்ளரிக்காய்க்குச் சர்க்கரை அளந்துகொண்டிருக்கிறேன்.

வீட்டில் தூள் சர்க்கரை தீர்ந்துபோயிருந்தது. விருந்தாளிக்கு வாங்கிய கட்டிச் சர்க்கரை மட்டும் ஒரு பெட்டி. அப்படிப் பார்த்தால் அதுவும் உள்ளூர்ச் சரக்குதான்: கட்டிச் சர்க்கரையைக் கண்டுபிடித்ததே இந்த நாட்டில் டாச்சிட்சே என்ற ஊரில், யாக்கூப் க்ரிஷ்டோஃப் ராட் என்ற சர்க்கரை ஆலை நிர்வாகி 1843இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஐந்து கட்டியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, மிச்சத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி மொத்தம் 200 மில்லி ஆக்கினேன். வினிகர் இரண்டு மேசைக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி. மிளகு கொஞ்சம் பொடித்து. ஒரே ஒரு பாம்பு வெள்ளரி, 400 கிராம் சுமாருக்கு.

இந்த முறை சீவலில் உப்பு தூவிவிட்டுப் பத்து நிமிடம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விறைப்பாக நின்ற சீவல்கள் மெல்லத் துவண்டு ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தன, அடியில் பச்சை சாயம் ஏறின தண்ணீர் ஊறிக்கொண்டு வந்தது. வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தானே, உப்பு அதைக் கூப்பிட்டால் வந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரில்தான் வெள்ளரியின் வாசமே இருக்கிறது. புதன்கிழமை நான் தொட்டியில் கொட்டியது அதைத்தான்.

கலந்து ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தேன். நன்றாக வந்தது. கடையில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் புளிப்பு தூக்கல். கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தேன், யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

அலுவலகத்தில் ஒரு புதுச் சொல் கிடைத்தது: ஒக்குர்கோவா செசோனா. வெள்ளரிக்காய்ப் பருவம். கோடையில் நாடாளுமன்றம் ஓய்ந்து, ஆட்கள் எல்லாம் குரோஷியாக் கடற்கரைக்குப் போய்விட்டால் பத்திரிகைக்குச் செய்தி இருக்காது, அப்போது தோட்டத்தில் விளைந்த ராட்சதக் காய், தப்பி ஓடின ஆமை என்று நிரப்புவார்கள், அந்தக் காலத்துக்கு இந்தப் பெயர். ஒரு வாரமாக நாட்குறிப்பில் வெள்ளரிக்காய் பற்றியே எழுதுகிறவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

ஜூலை 13, சனி

காலையில் ஸெல்னி த்ர்ஹ் சந்தைக்குப் போனேன். பெயருக்கு முட்டைக்கோஸ் சந்தை, சரிவான பெரிய சதுக்கம், நடுவில் பாறைக் குகை மாதிரி ஒரு பழைய நீரூற்று. இந்த வாரம் எங்கு பார்த்தாலும் வெள்ளரி. ஆனால் பாதிக்கு மேல் குட்டையான, முள் முள்ளாக இருக்கும் நக்லாடாச்கி, ஊறுகாய்க்கானவை. இவற்றுக்குப் பேர்போன ஊர் ஸ்னோய்மோ, இங்கிருந்து தெற்கே ஆஸ்திரிய எல்லைப் பக்கம். 16ஆம் நூற்றாண்டில் அங்கே லோவ்கா மடத்துத் தலைவர் ஹங்கேரியிலிருந்து வெள்ளரியைக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அதற்கும் முன்னால் இந்தக் காய் புறப்பட்ட இடம் இமயமலை அடிவாரம். கடைக்காரரிடம் சொல்லிப் பெருமைப்படலாம் என்று பார்த்தேன், என் செக் மொழி இமயமலை வரைக்கும் ஏறவில்லை.

மேல் வீட்டு அம்மாளும் தன் தோட்டத்து வெள்ளரி இரண்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். ஊருக்கு வெளியே சின்னத் துண்டு நிலம், ஒரு மரக் குடில், வாரக் கடைசி முழுக்க அங்கேதான். அவற்றில் ஒன்று விஷக் கசப்பு. வெயிலில் தண்ணீர் இல்லாமல் வாடிய கொடியில் காய் கசக்கும், அந்தக் கசப்புப் பொருளுக்கு குக்கர்பிட்டசின் என்று பெயர். பூவிலிருந்து காம்புக்கும் சீவியாயிற்று, அம்மா சொன்னபடி நுரை வரத் தேய்த்தும் ஆயிற்று, மசியவில்லை. அப்படி ஒரேயடியாகக் கசந்தால் தின்னாமல் தூக்கிப் போட வேண்டியதுதான், வயிற்றுக்கு ஆகாது. அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

நல்ல காயில் பால் ஏட்டுக் கிரீம் ஊற்றிப் பார்த்தேன், பல வீடுகளில் ஸ்மெதானா சேர்ப்பார்கள் என்று கேட்டதால். இனிப்புக் கிரீமை வினிகர்த் தண்ணீரில் ஊற்றினேன். திரிதிரியாகத் திரிந்தது. அதற்குப் புளித்த கிரீம் வேண்டுமாம், தண்ணீரையும் வெகுவாகக் குறைக்க வேண்டுமாம். ஸ்லோவாக்கியாக்கார நண்பரிடம் படத்தை அனுப்பினால், "பூண்டு எங்கே, மேலே மிளகாய்த் தூள் எங்கே, இதைச் சாலட் என்று சொல்லாதே" என்று பதில் வந்தது. கிரீம் வழி அவர்களுடையது, அவர்களே வைத்துக்கொள்ளட்டும். எனக்குத் தெளிந்த தண்ணீர் போதும். கிரீம் ஊற்றினால் கடைசியில் குடிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 21, ஞாயிறு

மேல் வீட்டு அம்மாளை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன்.

இந்த சாலட்டுக்கு ஜோடி ர்ழீசெக், தட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி. அந்த முதல் எழுத்தை மூன்று மாதம் பயிற்சி செய்தும் எனக்கு வரவில்லை. ரகரமும் இல்லை ழகரமும் இல்லை, உருளும் ரகரமும் ஆங்கில 'மெஷர்' நடுவில் வரும் ஒலியும் ஒரே நேரத்தில் நாக்கில் அடிக்க வேண்டும். "தமிழ்" என்று சொல்ல வெளியூர்க்காரர் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்ததற்கெல்லாம் சேர்த்துக் கிடைத்த தண்டனை. நான் சைவம் என்பதால் காலிஃபிளவரைப் பொரித்தேன், அதுவும் இங்கே வீட்டுக்கு வீடு செய்கிற பண்டம்தான். பூக்களை உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு எடுத்து, மாவு, முட்டை, ரொட்டித் தூள் என்று மூன்று சுற்று. இதற்கு ட்ரோயோபல் என்று ஒரே சொல் வைத்திருக்கிறார்கள், மூன்று உறை. (முட்டை சேர்த்தால் சைவமா என்று ஊரில் கேட்பார்கள். எண்ணெய் காய்கிற நேரத்தில் அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை.) புது உருளைக்கிழங்கு வேகவைத்து வெண்ணெய் போட்டுப் புரட்டியது. நடுவில் பெரிய கிண்ணம் நிறைய சாலட், இரண்டு வெள்ளரி, அன்றைக்கு அளந்ததில் இரண்டு பங்கு, வினிகர் மட்டும் நாலுக்கு மூன்றரைக் கரண்டி. காலையிலேயே செய்து வைத்துவிட்டேன்.

அவர் தனக்கென்று ஒரு ர்ழீசெக்கைத் தாளில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். காலிஃபிளவரை நம்பி வர முடியாது போல. ஆனால் முதலில் கரண்டி போனது சாலட்டுக்குத்தான். மென்றார். உருளைக்கிழங்கை அந்தத் தண்ணீரில் நசுக்கிக் கலந்து ஒரு வாய். "கத்தியா?" என்றார். துருவி என்றேன். "பிழியவில்லையே?" இல்லை. அப்புறம் பேச்சு தோட்டத்துக்குப் போனது, மருமகளுக்குப் போனது, நான் பாதியைப் புரிந்துகொண்டு முழுதுக்கும் தலையாட்டினேன். அவர் கொடுத்த காய் எப்படி இருந்தது என்று கேட்டார். ஒன்று அருமையாக இருந்தது என்றேன். பொய் இல்லை.

கடைசியில் பெரிய கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் மிஞ்சியது, அடியில் மிளகுத் தூளும் இரண்டு சீவலும். அவர் அதை எடுத்து என் கோப்பையில் பாதி, தன் கோப்பையில் பாதி ஊற்றினார். தன்னுடையதைத் தூக்கிப் பிடித்து, தன் பெயரைச் சொல்லி, இனிமேல் நீ நான் என்று பேசிக்கொள்ளலாம் என்றார். இங்கே பெரியவர் வாய் திறந்து அனுமதி தந்தால்தான் நீங்கள் நீயாகும், அதற்குச் சாதாரணமாக ஒயினோ பியரோ தூக்குவார்கள். நாங்கள் வெள்ளரித் தண்ணீரைத் தூக்கினோம்.

அவர் உடனே மாறிவிட்டார். "நீ வினிகரை எவ்வளவு போட்டாய்?" என்றார். எழுபது வயதுக்காரியைப் பெயர் சொல்லி, நீ என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. அந்த ர்ழ எழுத்தைவிட இது கஷ்டம். ஆளைக் குறிக்காமலே பதில் சொல்லித் தப்பித்தேன்.

"அகொராட்."

மேசையைத் தட்டிச் சிரித்தார். மீந்த காலிஃபிளவரை அந்த ர்ழீசெக் தாளிலேயே சுற்றிக்கொண்டு மாடி ஏறிப் போனார்.

இரவு பத்து மணி. நாளைக்கு வினிகர் வாங்க வேண்டும்.