ஊர் ஊராகப் போன நாடகக்காரர்களின் குடும்பத்தைத் தேடுவது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சிறுநகர அரங்குகளில் நடித்து, இன்று ஒருவர் நினைவிலும் இல்லாமல் போய்விட்ட நாடகக்காரர்களின் குடும்ப வரலாற்றைத் தேடுவதில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. பொதுவாகக் குடும்ப வரலாறு தேடுவோர் ஒரு பெயரையும் ஓர் ஊரையும் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போவார்கள். குடியானவர் குடும்பத்துக்கும் கொல்லர் குடும்பத்துக்கும் அந்த வழி பலிக்கிறது. நாடகக்காரருக்கோ பெயரும் நிலையில்லை, ஊரும் நிலையில்லை. ஆகவே பெயரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் சேர்ந்திருந்த குழு எந்த மாதத்தில் எந்த ஊரில் ஆடியது என்பதை முதலில் வரிசைப்படுத்த வேண்டும் என்பதே என் கட்சி.

புகழ்பெற்ற நடிகர்களுக்கே பெயர்க் குழப்பம் இருக்கிறது. ஹென்றி இர்விங் 1838இல் பிறந்தபோது ஜான் ஹென்றி பிராட்ரிப். மாரிஸ் பாரிமோர் 1849இல் ஆக்ராவில் பிறந்தபோது ஹெர்பர்ட் பிளைத். ஹாலிவுட்டில் தலைமுறைகளாக நிலைத்துவிட்ட அந்தக் குடும்பப் பெயரே மேடைக்காகச் சூட்டிக்கொண்டதுதான். இவர்களுடைய உண்மைப் பெயர்களை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். மூன்றாம் காட்சியில் கடிதம் கொண்டுவந்து கொடுக்கும் வேலைக்காரனாக நடித்தவருக்கு அப்படி யாரும் எழுதவில்லை. அன்றைய நாடக விளம்பரத் தாள்களும் பெரும்பாலும் ‘மிஸ்டர்’, ‘மிஸ்’ என்ற அடைமொழியோடு குடும்பப் பெயரை மட்டுமே அச்சிட்டன. அந்த ‘மிஸ்’ஸை நம்பித் திருமணமாகாதவர் என்று முடிவு கட்டுவதற்கும் இல்லை. நடிகை எல்லன் டெர்ரியின் தாய், தம் கணவரின் குடும்பப் பெயரை ஏறத்தாழத் தலைகீழாகத் திருப்பி, ‘மிஸ் எரெட்’ என்ற பெயரில் மேடையேறியவர்.

அந்த டெர்ரி குடும்பமே என் கட்சிக்கு நல்ல சான்று. பெற்றோர் இருவரும் போர்ட்ஸ்மத்தைச் சேர்ந்தவர்கள். மூத்த மகள் கேட் 1844இல் பிறந்தது தென்மேற்குக் கோடியில் உள்ள ஃபால்மத்தில். எல்லன் 1847இல் பிறந்தது நாட்டின் நடுவில் உள்ள கவென்ட்ரியில். சொந்த ஊரில் பிறப்புப் பதிவைத் தேடியவருக்கு இந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கிடைத்திருக்க மாட்டார். குழு போன வழியை அறிந்தவருக்கோ எந்த ஊர்ப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். தாம் 1848இல் பிறந்ததாகவே எல்லன் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். பிறப்புச் சான்றிதழ் 1847 என்கிறது. ஆளே சொன்னாலும் ஏட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

ஏடுகளுக்கும் எல்லை உண்டு. இங்கிலாந்தில் பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. ஆனால் பிறப்பைப் பதியாத பெற்றோருக்கு அபராதம் என்ற கட்டாயம் 1875இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டிருந்தவர்களின் குழந்தைகள் விடுபட்டுப் போவது எளிது. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த ஊர் எது என்று 1851இல்தான் கேட்டார்கள். அமெரிக்காவுக்குப் போய்விட்டவரைத் தேடினால், அங்கே 1890 கணக்கெடுப்பு ஏடுகள் 1921 தீ விபத்தோடு ஏறத்தாழ முழுவதுமாகப் போயின.

திருமணப் பதிவு கிடைக்கவில்லையே என்று பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். பதிவே இருந்திருக்காது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1858க்கு முன் இங்கிலாந்தில் மறுமணத்துக்கு வழிவிடும் முழு விவாகரத்து வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். நடிகர் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? நடிகர் ஜூனியஸ் புரூட்டஸ் பூத் 1821இல் மனைவியை லண்டனில் விட்டுவிட்டு மேரி ஆன் ஹோம்ஸோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே பத்துப் பிள்ளைகள் பிறந்த பிறகு, முதல் மனைவி 1851இல் விவாகரத்து பெற்றதும்தான் இவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள். இவர்களுடைய மகனும் பின்னாளில் லிங்கனைச் சுட்டவருமான ஜான் வில்க்ஸ் பூத்துக்கு அப்போது பதின்மூன்று வயது.

இனி, பயணத்தை எங்கே தேடுவது? 1838இல் தொடங்கிய ‘தி எரா’ வார இதழ் நாடகத் தொழிலுக்கான செய்திகளையும், ஆள் தேவை, வேலை தேவை விளம்பரங்களையும் வாராவாரம் வெளியிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தவை ‘பெனிஃபிட்’ இரவுகளின் விளம்பரத் தாள்கள். அன்றைய வசூல் அந்த நடிகருக்கே என்பதால் சீட்டு விற்கும் பொறுப்பும் அவருடையது. எனவே இன்ன தெருவில், இன்னார் வீட்டில் தங்கியிருக்கும் இவரிடம் சீட்டு கிடைக்கும் என்று தாளின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நடிகர் பெயரை மட்டும் பார்ப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த முகவரி கணக்கெடுப்பு ஆண்டுக்கு அருகில் அமைந்துவிட்டால், அதே தெருவின் பக்கங்களைப் புரட்டி, அந்த வீட்டில் குடியிருந்தவர்களைப் பார்க்கலாம். சொந்தப் பெயரோடு, மனைவி மக்களோடு, சில சமயம் அதே குழுவின் வயலின்காரரும் உடன் தங்கியிருக்க, அவர் அங்கே இருக்கக்கூடும்.

பரம்பரைப் பெருமைகளை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். அமெரிக்கக் கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் செனகல் அரச குடும்பத்தவர் என்று விளம்பரங்கள் முழங்கின. அவர் 1807இல் நியூயார்க்கில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். கூட்டம் சேர்ப்பதற்குச் சொன்ன கதையை இன்றைய இணைய வம்சாவளிப் பக்கங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று படியெடுத்துப் பரப்புவதுதான் எரிச்சல்.

கடன்பட்டு நொடித்த நடிகரின் குடும்பத்தைத் தேடுவோருக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. கடனாளிகள் நீதிமன்றத்துக்கு வந்தவர்களைப் பற்றி அரசிதழான ‘லண்டன் கெஜட்’ அறிவிப்பு வெளியிடும். கடன் கொடுத்தவர்கள் ஆளை அடையாளம் காண வேண்டும் என்பதற்காக, முன்பு இந்தத் தெரு, பிறகு அந்த ஊர், அதன்பின் இன்ன நகரம் என்று அவர் குடியிருந்த இடங்களையும், இன்ன பெயராலும் அறியப்பட்டவர் என்று மாற்றுப் பெயர்களையும் அதில் ஒரே மூச்சில் அடுக்கியிருப்பார்கள். பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மேடைப் பெயரும் சொந்தப் பெயரும் ஒரே வரியில் சேர்ந்து நிற்பதை நான் பெரும்பாலும் அங்கேதான் பார்த்திருக்கிறேன்.