சிப்பாங் டிராக் நாளுக்கு ரிம்மும் டயரும்: மைவியில் இதுவரை செய்தது

கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள சிப்பாங் பந்தயத் தடத்தில் (டிராக்) சொந்தக் காரை ஓட்டுவதற்கென்று தனியாக ஒரு செட் ரிம், டயர் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்த ரிம்?" என்னைக் கேட்டால் அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. முதலில் அளவு, அப்புறம் டயர், அதற்கு அப்புறம்தான் ரிம். இந்த வரிசையில் போனதால் காசும் மிச்சம், தலைவலியும் மிச்சம். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கார் 2013 பெரோடுவா மைவி 1.5, மலேசியாவின் சின்னக் கார், மேனுவல் கியர். செந்தூலிலிருந்து தினமும் வேலைக்குப் போய் வருவதும் இதில்தான். அதனால் சாலைக்கு ஒரு செட், சிப்பாங்குக்கு ஒரு செட் என்று பிரித்துக்கொண்டேன். பிடிமானம் அதிகமுள்ள மென்மையான டயரை தினசரி நெரிசலில் தேய்த்துத் தீர்ப்பதில் எந்த லாபமும் இல்லை.

கம்பெனி கொடுத்த அளவு 185/55 ஆர்15. அதாவது அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். இந்த அளவில் சாலை டயர் எந்தக் கடையிலும் கிடைக்கும். டிராக்குக்கு ஏற்ற டயர் என்று தேடினால் பட்டியல் சுருங்கிவிடுகிறது. 195/50 ஆர்15 என்று மாற்றிக் கேட்டால் கதையே வேறு. டோயோ ஆர்1ஆர், ஆர்888ஆர், யோகோஹாமா ஏடி08ஆர், பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், நான்காங் ஏஆர்-1 என்று வரிசையாக வரும். சின்னக் கார்களுக்கு உலகம் முழுக்கப் பழகிப்போன பந்தய அளவு இது. போட்டி இருப்பதால் விலையும் தாங்கும்படி இருக்கிறது.

விட்டம் எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 அங்குலம் என்பது 381 மில்லிமீட்டர். 185-இல் 55 சதவீதம் 101.75, மேலும் கீழும் சேர்த்தால் மொத்த விட்டம் 584.5. 195-இல் 50 சதவீதம் 97.5, மொத்தம் 576. ஒன்றரை சதவீதம் சின்னது. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், கியர் சற்றே குட்டையாகும், அதாவது இழுப்பு கொஞ்சம் கூடும். 1.5 லிட்டர் இன்ஜினுக்கு அது நல்லதுதான்.

17 அங்குலம் போட்டால் பார்க்க அழகு, நானும் ஒத்துக்கொள்கிறேன். எனக்கு வழக்கமாக டயர் மாற்றித் தரும் அண்ணனிடம் சும்மா விலை கேட்டேன். "தம்பி, இது கண்காட்சிக்கா, ஓட்டவா? ஓட்டத்தான்னா 15-லேயே இரு. ரிம்மும் டயரும் சேர்ந்து கனம் கூடிப்போச்சுன்னா அந்த இன்ஜின் எதை இழுக்கும் சொல்லு" என்றார். அது சரி. சக்கரத்தின் கனம் சஸ்பென்ஷனுக்குக் கீழே இருக்கிற கனம். அது ஸ்பிரிங்கின் மேல் உட்காராத கனம். மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பாமல் இருக்க அந்தக் கனம் குறைய வேண்டும். அதோடு அது சுற்றுகிற கனமும்கூட; வேகம் எடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் ஒவ்வொரு முறையும் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும்.

அளவு முடிவானதும் ரிம் தேடலாம். மைவிக்கு நான்கு போல்ட் ஓட்டை, பிசிடி (அந்த ஓட்டைகளின் நடு வழியே போகும் வட்டத்தின் விட்டம்) 100 மில்லிமீட்டர். நடு ஓட்டை 54.1. கோலாலம்பூரில் பழைய ரிம் விற்கும் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஹாஃப்-கட் கடைகளில் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடைகள்) ஜப்பானிலிருந்து வந்ததும் இருக்கும், பேர் போன ரிம்மின் அச்சில் வார்த்த நகலும் இருக்கும். ஜப்பானிய ரிம் தரத்துக்கான ஜேடபிள்யூஎல் முத்திரை இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. வார்ப்பில் மூன்று எழுத்தைப் பதிப்பது பெரிய வேலை இல்லை. நான் பார்ப்பது ரிம்மின் உள்பக்கத்தை. டார்ச் அடித்து, ஸ்போக் சேரும் இடத்திலும் உள் விளிம்பிலும் விரலால் தடவிப் பார்க்கிறேன். வெல்டிங் தழும்போ மயிரிழை விரிசலோ தென்பட்டால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். அப்புறம் டயர் இல்லாமலே பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுற்றச் சொல்ல வேண்டும். விளிம்பு மேலும் கீழும் அலைந்தால் கண்ணுக்கே தெரியும். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

கனத்தைப் பற்றி ஒரு கணக்கு. என்கெய் ஆர்பிஎஃப்1 15×7 ரிம் ஏறக்குறைய 4.5 கிலோதான். அது எட்டாத விலை என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கிடைத்தது பேர் தெரியாத 15×7 ஜப்பான் ரிம். வீட்டு எடை மெஷினில் வைத்தால் அதைவிட ஒரு கிலோ கூடுதல். விரிசல் இல்லை, அலைச்சல் இல்லை. எடுத்துவிட்டேன்.

எடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தது ஆஃப்செட்டைத்தான். சக்கரம் பொருந்தும் ஹப்பின் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது என்பதுதான் அது; ஈடி என்று எழுதுவார்கள். காரில் ஏற்கெனவே இருந்த ஸ்போர்ட் ரிம் 15×6.5, ஈடி 40. புதியது 15×7, ஈடி 35. வெறும் 5 மில்லிமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் அகலமும் சேர்ந்து மாறுகிறது. பழைய ரிம்மில் பாதி அகலம் 82.5, அதில் 40-ஐக் கழித்தால் வெளி விளிம்பு ஹப்பின் முகத்திலிருந்து 42.5 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். புதியதில் பாதி அகலம் 89. 35-ஐக் கழித்தால் 54. ஆக வெளிப்பக்கம் 11 மில்லிமீட்டருக்கு மேல் நகர்கிறது. உள்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. அதனால் சஸ்பென்ஷன் கம்பியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, மட்கார்டைப் பார்த்தால் போதும். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே பிடிக்கும். டிராக்கில் திருப்பத்தில் சாயும்போது உரசவும் செய்யும்.

கணக்கோடு விடவில்லை. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி மட்கார்டின் உள்மடிப்பில் மூன்று இடத்தில் ஒட்டினேன். பின் சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து கார் நிறுத்துமிடத்தில் மேட்டில் ஏற்றி இறக்கினேன். களிமண் நசுங்கிய தடிமன்தான் மிச்சமிருக்கும் இடைவெளி. முன்பக்கம் தாராளம். பின்பக்கம் ஓர் இடத்தில் சுண்டுவிரல் தடிமன். போதும்.

ஒரு சின்ன விஷயம்: ரிம்மின் நடு ஓட்டை 73.1, மைவியின் ஹப் 54.1. இடையில் வளையம் போட வேண்டும். பிளாஸ்டிக் வளையம் மலிவு, ஆனால் டிராக்கில் பிரேக் சூட்டில் இளகக்கூடும். அலுமினியம் வாங்குங்கள்.

டயர் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் யூடிகியூஜி என்ற டயர் தர மதிப்பீட்டு முறைப்படி டயரின் ஓரத்தில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை என்று பொதுவாகச் சொல்வார்கள். நான்காங் ஏஆர்-1 80, டோயோ ஆர்888ஆர் 100, ஆர்1ஆர் 200. அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போட்டுக்கொள்கிறது. ஆகவே ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொரு கம்பெனியின் 200-ஓடு அப்படியே ஒப்பிட முடியாது. திசை காட்டும், தூரம் சொல்லாது.

80, 100 எண் கொண்ட செமி-ஸ்லிக் (பள்ளம் மிகக் குறைந்த பந்தய வகை) டயர்களை வேண்டாம் என்று வைத்தேன். காரணம் மழை. சிப்பாங்கில் மத்தியானத்துக்குமேல் வானம் திறந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2009 ஃபார்முலா ஒன் பந்தயமே சாட்சி: நடுவில் நிறுத்தி, 31 சுற்றின் முடிவை வைத்துப் பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். பள்ளம் குறைந்த டயரில் தேங்கிய தண்ணீரின் மேல் போனால் கார் மிதக்கும். இன்னொரு காரணம், புதிதாகப் பழகுகிறவருக்கு டயர் பேச வேண்டும். 200 வகை டயர் பிடியை விடுவதற்கு முன்னால் கீச்சிடும், ஸ்டியரிங் லேசாகும், நழுவுவதும் மெதுவாக நடக்கும். செமி-ஸ்லிக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் விடும்போது எச்சரிக்கை குறைவு, வேகமும் அதிகம். ஆகவே ஆர்1ஆர் வாங்கினேன். ஈரத்தில் நல்ல பெயர் எடுத்த டயர் அது. ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பார்த்துத்தான் வாங்கினேன். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு. கடை மூலையில் நாள்பட்டுக் கிடந்த டயர் மலிவாகக் கிடைத்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். டயரைக் காட்டியதும் தடவிப் பார்த்து, "இது நம்ம பாலா?" என்று கேட்டார். பாதிதான் உண்மை என்று சொன்னேன். விமானம், லாரி டயர்களில் இயற்கை ரப்பர் அதிகம். கார் டயரின் டிரெட்டில் (தரையைத் தொடும் பகுதி) செயற்கை ரப்பர்தான் பெரும்பங்கு.

இனி டிராக். சிப்பாங் 5.543 கிலோமீட்டர், 15 திருப்பம். கடிகாரச் சுற்றில் ஓட்டுவதால் பத்து வலது, ஐந்து இடது. வலது பக்கம் திரும்பும்போது கனம் முழுக்க இடது டயர்மேல். முன்சக்கர இழுவை காரில் அந்த இடது முன் டயர்தான் இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும், பிரேக்கின் சுமையையும் ஏற்க வேண்டும். ஒன்றாம் திருப்பம் சுருண்டுகொண்டே போகிற நீண்ட வலது. ஏழு, எட்டு இரண்டும் வலது. பதினான்கில் திரும்பிக்கொண்டே பிரேக் போட வேண்டும். டயர் எங்கே சாகிறது என்று கேட்டால் இந்த இடங்களைத்தான் காட்டுவேன்.

குளிர்ந்த டயரில் 30 பிஎஸ்ஐ வைத்துப் போனேன். ஓட்டம் முடிந்து பிட்டுக்குள் (டிராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடம்) நுழைந்த கையோடு அளந்தால் இடது முன் 38, வலது முன் 37, பின்பக்கம் இரண்டும் 34. டயருக்குள் காற்று 10 டிகிரி சூடானால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். அந்தக் கணக்கில் இடது முன் டயருக்குள் காலை இருந்ததைவிட 50 டிகிரிக்கு மேல் சூடு. ஓட்டும்போதே தெரிந்தது: முதலில் பிடி நன்றாக இருந்தது, இரண்டு வேகச் சுற்றுக்குப் பிறகு காரின் மூக்கு திரும்பாமல் வெளியே நழுவியது. முன்பக்கம் சூடாக 35 வரும்படி காற்றை இறக்கினேன், பின்பக்கம் தொடவில்லை. மூக்கு கடித்துத் திரும்ப ஆரம்பித்தது. சூட்டில் காற்றை இறக்கினால் வீட்டுக்குக் கிளம்புமுன் நிரப்ப வேண்டும். ஆறியதும் 27-க்கு வந்துவிடும்.

அழுத்தத்தோடு டயரின் தோளையும், அதாவது டிரெட் பக்கச்சுவரோடு சேரும் ஓரத்தையும் பார்த்தேன். ஓரத்தில் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு சுற்று ஓட்டிவிட்டு எவ்வளவு அழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோடு தோளைத் தாண்டிப் பக்கச்சுவர்வரை அழிந்தால் டயர் பக்கவாட்டில் மடிகிறது என்று அர்த்தம். காற்று குறைவு, இல்லையேல் கேம்பர் (சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) போதாது. என் விஷயத்தில் கேம்பர்தான். மைவியின் முன்பக்கம் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். கார் சாயச் சாய வெளிச்சக்கரமும் வெளியே சாயும். கேம்பர் போல்ட் போட்டு, அலைன்மென்ட் கடையில் மைனஸ் ஒன்றரை டிகிரி வைத்துக்கொண்டேன். வெளித்தோள் மட்டும் கரைவது நன்றாகக் குறைந்தது.

ஆர்1ஆர் சீக்கிரம் சூடேறும் டயர். குளிர்நாட்டில் அது வரம், சிப்பாங் வெயிலில் கொஞ்சம் தொல்லை. இப்போது இரண்டு சுற்று வேகமாக, ஒரு சுற்று நிதானமாக என்று ஓட்டுகிறேன். அதன் டிரெட்டின் பள்ள வடிவம் ஒரே திசையில் சுற்றும்படி அமைந்தது. இடமும் வலமும் மாற்ற வேண்டுமானால் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட வேண்டும். அடுத்து அதைத்தான் செய்யப் போகிறேன்: இடது முன் டயரை வலப்பக்கம் அனுப்பினால் இந்த செட்டில் இன்னும் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கிறது.

நான்கு சக்கரமும் பின் சீட்டை மடித்தால் மைவிக்குள்ளேயே அடங்கும். கார்களைத் தயார்செய்யும் இடமான பாடோக்கில் மாற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கி, முதல் ஓட்டம் முடிந்து ரிம் ஆறியதும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது வழக்கம்.

இந்த செட் தீர்ந்ததும் 205/50 ஆர்15 போட்டுப் பார்க்க ஆசை. விட்டம் 586, கம்பெனி அளவோடு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ரிம்மும் 7 அங்குலம், தாங்கும். டயரும் சூடு தாங்கும் வகையாகத் தேடுவேன். பின்பக்கம் இருக்கிற அந்தச் சுண்டுவிரல் இடைவெளியில் டயரின் அகலத்துக்கு ஒரு பக்கம் 5 மில்லிமீட்டர் போய்விடும். களிமண்ணை மறுபடி ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பேன்.