ஓரியூர் செம்மண்

பிப்ரவரி 4 ஓரியூரில் கிறிஸ்தவப் புனிதர் அருளானந்தரின் திருநாள். மழையையும் கண்மாயையும் நம்பி ஒருபோகம் விளைகிற எங்கள் ராமநாதபுரம் சீமையில் கதிரறுப்பு ஓய்கிற நேரமும் அதுதான். விளையாத வருஷமும் உண்டு. அப்போது வெறுங்கையோடு போவோம்.

இந்த வருஷம் பரவாயில்லை. அப்பத்தா ஒரு மரக்கால் புதுநெல்லை மஞ்சள் பையில் கட்டி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவே இல்லை. திருவாடானை தாண்டியதும் இரு பக்கமும் அறுத்த தாள்தான்.

எங்கள் வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அருளானந்தர் படம் இருக்கும். போர்ச்சுகலில் பிறந்து, இங்கே வந்து காவி கட்டி, கறி மீனை விட்டவர். மறவர் இளவரசர் தடியத்தேவர் இவரிடம் ஞானஸ்நானம் வாங்கி, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுக்காரி. வினை அங்கேதான் பிடித்தது. 1693இல் இந்த ஓரியூரில் அருளானந்தரின் தலையை வெட்டினார்கள். முந்தின நாள் காவலில் இருந்தபடி, கரியைத் தண்ணீரில் கரைத்து, துரும்பால் கடிதம் எழுதியிருக்கிறார். ரத்தம், மண் எல்லாவற்றையும் விட எனக்கு அந்தத் துரும்புதான் மனசில் நிற்கிறது.

கோயிலைச் சுற்றி மொட்டை, காதுகுத்து. மரத்தடிகளில் கிடா வெந்துகொண்டிருந்தது. கறியே தொடாதவருக்குக் கிடா நேர்ச்சையா என்று கேட்டேன். "அவரு திங்கல, நம்ம திங்கிறோம். பேசாம வா" என்றார் அப்பத்தா.

நெல்லைக் காணிக்கையாகக் கொட்டிவிட்டு மண் எடுக்கப் போனோம். அவர் ரத்தம் பட்டுச் சிவந்த மண் என்பது நம்பிக்கை. முண்டியடிக்கிற கூட்டம். ஒரு பெரியவர் பிள்ளையின் நெற்றியில் பூசிவிட்டு, கொஞ்சம் தன் முழங்காலிலும் தேய்த்துக்கொண்டார். அப்பத்தா மூன்று பிடி அள்ளி முந்தியில் முடிந்தார்.

வீட்டுக்கு வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது. உட்காரக்கூட இல்லை, நேராக விதைநெல்லிடம் போனார். நெல் கொட்டி வைக்கிற மண் குலுக்கை உடைந்து வருஷங்கள் ஆகின்றன, இப்போது நீல டிரம்தான். மூடியைத் திறந்து ஒரு பிடி மண்ணைத் தூவி, கையை விட்டு அடிவரை கிளறினார். அப்புறம் மிச்சத்தை முடிந்து என்னிடம் நீட்டினார்.

"மொளகாக் கொல்லைக்கு. காலையில போட்டுட்டு வந்துதான் காப்பி."