என் முதல் வெப்குவெஸ்ட் சொதப்பிய கதை

பி.எட். இரண்டாம் ஆண்டு டீச்சிங் பிராக்டிஸில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தேன். நோட்டில் மட்டும் படித்திருந்த வெப்குவெஸ்டை, அதாவது ஆசிரியர் கொடுக்கும் ஒரு பணியைப் பிள்ளைகள் இணையப் பக்கங்களை வைத்துச் செய்து முடிக்கும் பாடமுறையை, ஒருமுறையாவது வகுப்பில் செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. "கீழடி பற்றி இணையத்தில் தேடி ஒரு பக்கம் எழுதுக" என்று கொடுத்தேன். இருபது நிமிடத்தில் ஏழு குழுவும் முடித்துவிட்டார்கள். ஏழு தாளிலும் ஒரே பத்தி, எழுத்து மாறாமல். கைடு டீச்சர் தாள்களைப் புரட்டிவிட்டு, "பிள்ளைங்க நல்லா காப்பி எழுதியிருக்காங்கம்மா" என்றார்.

கேட்டது அப்படி, கிடைத்ததும் அப்படி.

அன்று ராத்திரிதான் பாடத்தை ஒழுங்காகப் படித்தேன். சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெர்னி டாட்ஜ், டாம் மார்ச்சுடன் சேர்ந்து 1995-ல் உருவாக்கிய முறை இது. அறிமுகம், பணி, செயல்முறை, ஆதாரங்கள், மதிப்பீடு, முடிவுரை என்று ஆறு பகுதிகள். பிள்ளைகள் தகவலைத் தேடி அலைவதில் நேரத்தைத் தொலைக்கக் கூடாது, கிடைத்த தகவலை வைத்து யோசிக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. அதனால்தான் பார்க்க வேண்டிய இணையச் சுட்டிகளை (லிங்க்) ஆசிரியரே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். நானோ தேடலை அவர்களிடம் விட்டுவிட்டு, யோசிக்க எதையும் கொடுக்கவில்லை.

மறுவாரம் அதே கீழடிதான், கேள்வியை மட்டும் மாற்றினேன். மத்தியத் தொல்லியல் துறை எடுத்த இரண்டு கரி மாதிரிகளின் வயது ஏறத்தாழ 2,200 ஆண்டு என்று 2017-ல் செய்தி வந்தது. 2019-ல் தமிழகத் தொல்லியல் துறை அறிக்கையோ கி.மு. 580 என்றது, அதாவது ஏறத்தாழ 2,600 ஆண்டு. "இரண்டும் ஒரே ஊர். நானூறு வருட வித்தியாசம் எப்படி வந்தது? ஊர் மியூசியத்தில் வைக்க எட்டு வரிப் பலகை எழுதுங்கள்." இதுதான் பணி. இதற்கான விடை எந்த ஒரு பக்கத்திலும் முழுசாகக் கிடையாது. குழுவில் நாலு பேர்: ஒருவர் செய்தியாளர், ஒருவர் அகழாய்வாளர், ஒருவர் ஆய்வகக்காரர், நாலாமவர் எதையும் நம்பாதவர். இந்த நாலாவது வேடத்துக்குத்தான் அடிதடி.

சுட்டிகள் ஐந்தே ஐந்து கொடுத்தேன். அவற்றைப் பொறுக்கவே எனக்கு இரண்டு மாலை போனது, பாடம் எடுத்தது இரண்டு பீரியட்தான். கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது. ஆனாலும் அந்த வேலையை முன்னாடியே முடிக்காமல் லேபுக்குள் போகாதீர்கள். ஐந்து பக்கங்களையும் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். முதல் பீரியட் பாதியில் நெட் போனபோது அதுதான் மானத்தைக் காப்பாற்றியது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பையன், "மிஸ், இந்த கி.மு. 580 மாதிரி 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்ததாம். 2017 செய்தியில எவ்வளவு ஆழம்னு போடவே இல்லையே" என்றான். அங்கிருந்து வகுப்பு தானாக ஓடியது. கீழே போகப் போகப் பழையது, மாதிரி எடுத்த அடுக்கு மாறினால் வயதும் மாறும் என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள். நான் மண் அடுக்கைப் பற்றிப் போர்டில் ஒரு வரிகூட எழுதவில்லை.

மதிப்பீட்டு அட்டவணையைப் பணியோடு சேர்த்து முதலிலேயே கொடுத்துவிடுங்கள். என்னுடையதில் மூன்றே வரிசை: இரண்டு ஆதாரங்களையாவது ஒப்பிட்டார்களா, காரணம் சொன்னார்களா, சொந்த நடையில் எழுதினார்களா. "அழகான கையெழுத்து" என்ற வரிசையை கைடு டீச்சர் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். என் பயிற்சிக்கு அவரும் ஒரு கையெழுத்து போட வேண்டியிருக்கிறதே.

தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. ஆறு பகுதிகளையும் வரையறையாக மட்டும் எழுதாமல், ஒரே பாடத்தை எடுத்து ஆறிலும் ஓட விடுங்கள். குறுகிய கால வெப்குவெஸ்ட் ஒன்று முதல் மூன்று பீரியட், நீண்டது ஒரு வாரம் முதல் ஒரு மாதம் என்ற டாட்ஜின் பிரிவையும் மறக்காதீர்கள்.

முடிவுரைப் பகுதியை என்ன செய்வதென்று எனக்கு அதுவரை புரியவில்லை, சும்மா "நன்றி" என்று போட்டிருந்தேன். மணி அடித்த பிறகு எதையும் நம்பாதவளாக நடித்த பெண் வந்து, "கரிக்குத்தான மிஸ் வயசு பார்த்தாங்க, பானையில இருக்கிற எழுத்துக்கு எப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டாள். நன்றியை அடித்துவிட்டு அந்தக் கேள்வியை அங்கே எழுதி வைத்தேன்.