பிராக் கிறிஸ்துமஸ்: சதுக்கத்தில் ஏமாற்று, தெருத் தொட்டியில் கெண்டை

கிறிஸ்துமஸ் சமயத்தில் செக் நாட்டுத் தலைநகர் பிராக் போகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை. பழைய நகரச் சதுக்கத்தில் நெருப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் பன்றித் தொடையின் வாசனைக்கு மயங்கிவிடாதீர்கள். பலகையில் விலை கொட்டை எழுத்தில் இருக்கும். அது 100 கிராமுக்கான விலை என்பது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எவ்வளவு வேண்டும் என்று என்னிடம் கேட்கவே இல்லை. பெரிய துண்டாக வெட்டித் தராசில் போட்டு, 400 கிராம் என்றார் கடைக்காரர். குறைக்கச் சொன்னேன், வெட்டியது வெட்டியதுதான் என்று கையை விரித்துவிட்டார். அந்த ஊர்ப் பணமான ஒரு கொருனா கிட்டத்தட்ட 4 ரூபாய். பெருக்கிப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஒரு நாள் சாப்பாட்டுக் காசு ஒரே காகிதத் தட்டில் போய்விட்டது. செக் மொழியில் 'ஸ்டோ கிராமூ' என்று 100 கிராம் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்துக் கடையில் மாவைக் கட்டையில் சுற்றிச் சுட்டு, சர்க்கரையில் புரட்டித் தரும் டிர்டெல்னிக். பழைய போஹீமியப் பண்டம், அதாவது செக் மண்ணின் பண்டம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் புவிசார் குறியீடு தந்தது பக்கத்து நாடான ஸ்லோவாக்கியாவின் ஸ்காலிட்சா ஊர் டிர்டெல்னிக்குக்கு. வெறும் தித்திப்பு. காசுக்குக் கேடு.

இத்தனைக்கும் அதற்கு முன்பு ஜெர்மனியின் டிரெஸ்டனில் நியாயமாகச் சாப்பிட்டிருந்தேன். அங்கே ஸ்ட்ரீட்ஸல்மார்க்ட் சந்தை 1434 முதல் நடக்கிறது. உலர்திராட்சையும் பாதாமும் சேர்த்துச் செய்து, வெண்ணெய் பூசிப் பொடிச் சர்க்கரை கொட்டும் ஸ்டோலன் ரொட்டிதான் அங்கே ராஜா. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலத்தில் வெண்ணெய் கூடாது என்றிருந்த தடையை 1491இல் போப் தளர்த்திய பிறகுதான் அந்த ரொட்டிக்கு இந்த ருசியே வந்தது. ஒரு துண்டு போதும், வயிறு நிறைந்துவிடும். சூடான மசாலா ஒயினுக்குக் கோப்பை முன்பணம் வாங்குவார்கள்; திருப்பிக் கொடுத்தால் முழுசாகத் திரும்ப வந்துவிடும். கறார், ஆனால் நேர்மை.

சரி, பிராக்குக்கு வருகிறேன். சதுக்கத்தை விட்டு டிராமில் நாலைந்து நிறுத்தம் தள்ளிப் போனால்தான் நிஜக் கிறிஸ்துமஸ். டிசம்பர் 20 வாக்கில் நடைபாதைகளில் பெரிய பெரிய தொட்டிகள் வந்துவிடுகின்றன. உள்ளே உயிரோடு கெண்டை மீன்கள், முதுகோடு முதுகு உரச. ரப்பர் பூட்ஸும் ஏப்ரனும் போட்டவர் கைவலையில் ஒன்றை அள்ளுகிறார். அது வாலை அடித்ததில் வரிசையில் நின்ற எல்லார் மீதும் ஐஸ் தண்ணீர். யாரும் கோபப்படவில்லை, குழந்தைகள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னும் எட்டிப் பார்க்கிறார்கள். எடை போட்டதும் உயிரோடு வேண்டுமா, வெட்டித் தரட்டுமா என்று கேட்கிறார். உயிரோடு கொண்டுபோய்ப் பண்டிகை வரை குளியல் தொட்டியில் விட்டு வைக்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. தெற்கே ட்ரெபோன் பக்கத்துக் குளங்கள் இந்தக் கெண்டைக்குப் பேர்போனவை. அங்குள்ள ரோஷ்ம்பெர்க் ஏரி 1590இல் வெட்டி முடிக்கப்பட்டது. இலையுதிர் காலத்தில் தண்ணீரை வடித்துவிட்டு மீனை அள்ளுகிறார்கள்.

24ஆம் தேதி இரவு, நான் தங்கிய வீட்டு அம்மா என்னையும் மேசைக்குக் கூப்பிட்டார். முதலில் மீன் தலையும் சினையும் போட்ட சூப், மேலே வறுத்த ரொட்டித் துண்டுகள். அப்புறம் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கெண்டை, முந்தின நாளே பிசைந்து ஊறவைத்த உருளைக்கிழங்கு சாலட். முள் அதிகம்தான், ஆனால் என்ன ருசி! தட்டுக்கு அடியில் ஒரு செதிலை வைத்திருந்தார். அதைப் பர்ஸில் வைத்தால் வருஷம் முழுக்கக் காசு தங்குமாம். ஆப்பிளைக் குறுக்கே வெட்டினார்கள். நடுவில் விதைப் பகுதி நட்சத்திரமாகத் தெரிந்தால் ஆரோக்கியமாம். தெரிந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். பரிசு கொண்டுவருவது குழந்தை இயேசு. மணி அடித்ததும் பிள்ளைகள் மரத்தை நோக்கி ஓடினார்கள்.

இந்தச் சாப்பாட்டுக்காக இன்னொரு தடவை அங்கே போவேன். போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: 24ஆம் தேதி நண்பகலோடு 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளை மூட வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. ரொட்டி, பால், பழம் எல்லாம் 23ஆம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள்.