நடுவில் விரல் வைத்தபோது

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. தமிழ்ப் பாடத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று வாசிப்பாள். ஏற்ற இறக்கம், நிறுத்தம் எதிலும் குறை சொல்ல முடியாது. பள்ளிப் பார்வைக்கு யாராவது வந்தால் அவளைத்தான் முதலில் எழுப்புவேன். 2023 ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை, பாதிப் பிள்ளைகள் வரவில்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பத்தியின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன பாப்பா?" என்றேன். அவள் முதல் வரிக்குப் போனாள். உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்து, அந்த இடத்தை எட்டியதும் சொல்லைச் சொன்னாள். வேறொரு சொல்லைக் காட்டினேன். மறுபடியும் முதல் வரிக்கே போனாள்.

பாடம் முழுக்க மனப்பாடம். எழுத்து பிடிபடவே இல்லை.

கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது ஒன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தவள் அவள். இரண்டு வருடம் என் கண் முன்னால்தான் இருந்தாள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

எங்களுடையது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. 28 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள். இப்போது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் "உங்க பசங்க எப்படி டீச்சர் இவ்வளவு நல்லா வாசிக்கிறாங்க?" என்று கேட்கிறார்கள். பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தினமும் இரண்டு நிமிடம் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறோம், அதுவும் அதுவரை பார்க்காத வரிகளை. ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு வரி எழுதுகிறோம். சரியா தப்பா என்று போடுவதில்லை. எந்த எழுத்தில் நின்றது என்றுதான் எழுதுகிறோம்.

அப்படி எழுதத் தொடங்கிய பிறகுதான் கொம்பு எவ்வளவு பெரிய சிக்கல் என்று எனக்கே புரிந்தது. 'கொடி' என்பதைப் பிள்ளைகள் 'கெடி' என்றோ 'காடி' என்றோ வாசித்தார்கள். யோசித்தால் நியாயம்தான். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம். கண் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நமக்குப் பழகிப்போனதால் அந்தச் சிரமம் மறந்துவிட்டது. காலண்டர் அட்டையில் கொம்பு, க, கால் மூன்றையும் தனித்தனியாக வெட்டிக் கொடுத்தேன். "கொம்பு மட்டும்னா கெ. கால் மட்டும்னா கா. ரெண்டு பேரும் பிடிச்சா கொ." அட்டையை நகர்த்தி நகர்த்திச் சொல்வார்கள். பத்து நாளில் பாதிப் பேருக்குப் பிடிபட்டது, மீதிப் பேருக்கு ஒரு மாதம் ஆனது.

கணக்கிலும் இதே கதைதான். 52-இலிருந்து 17 போனால் 45 என்று எழுதுகிற பிள்ளை கவனக்குறைவாக இல்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுகிறது, அவ்வளவுதான். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சியில் ஒரு கட்டைப் பிரிக்க வைத்தால் தானே கண்டுபிடித்துவிடும்.

இதெல்லாம் புதிதும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில், பிள்ளை தன் வேகத்தில் ஏணிப்படி ஏறட்டும் என்பதே அடிப்படை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்க 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளும் அதையேதான் கேட்கின்றன: இந்தப் பிள்ளை இப்போது எந்தப் படியில் நிற்கிறது? எனக்கு ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் உண்டு. ஜூனில் அரும்பு என்று உட்கார வைத்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. அதனால் மாதம் ஒரு முறை நோட்டைப் பார்த்து இடம் மாற்றுவோம்.

நேரம் எங்கிருந்து வந்தது? காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதற்கு முன் பதினோரு மணிக்கு மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இப்போது சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் ஒவ்வொருவராக மேசைக்கு வருகிறார்கள். மணி அடிப்பதற்குள் பாதிப் பேர் வாசித்து முடித்திருப்பார்கள். சாயங்காலம் நானும் உடன் பணிபுரியும் டீச்சரும் நோட்டை மாற்றிக்கொண்டு கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் கிளம்புவோம்.

எங்களால் எளிதில் வெல்ல முடியாதது வருகைதான். பொங்கல் முடிந்ததும் சில பெற்றோர் செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். போன பிறகு தேடிப் பயனில்லை. அதனால் மார்கழியிலேயே வீடு வீடாகப் போகிறோம். "பிள்ளைய பாட்டிகிட்ட விட்டுட்டுப் போங்க, காலையிலயும் மதியமும் சாப்பாடு இங்கேயே இருக்கு, நாங்க பாத்துக்கறோம்" என்று கேட்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்கள் கூட வந்தால் பேச்சு எடுபடுகிறது. பாட்டி இல்லாத வீட்டில் என்ன சொல்வது? போன வருடம் இரண்டு பிள்ளைகளைச் சூளைக்கு அனுப்பிவிட்டோம். நோட்டில் அவர்களுக்கான வரி மூன்று மாதம் காலியாகவே கிடந்தது.

மனப்பாடமாக வாசித்த அந்தப் பெண்ணும் அட்டை நகர்த்தினாள். பங்குனியில் ஒரு நாள் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த வாராந்திர உணவுப் பட்டியல் முன்னால் தனியாக நின்றிருந்தாள். யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. 'ரவா உப்புமா', 'சேமியா உப்புமா' இரண்டையும் தாண்டிவிட்டாள். அடுத்ததில் நின்றாள். "கே... கேதுமை..." விரல் வலப்பக்கம் போய்க் காலைத் தொட்டது. "கோதுமை!" என்று திரும்பினாள்.

"டீச்சர், கோதுமைன்னா சப்பாத்தி சுடறதுதானே?"